தோலுக்குத் தெரியாது

முதல் முயலை உரித்து முடித்தபோது கத்தியில் ரத்தம் இல்லை.

பழக்கத்தில் அதை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு, பிறகுதான் துணியைப் பார்த்தாள். வெளுத்த துணி வெளுத்தபடியே இருந்தது. கொட்டகையின் தகரக் கூரைமேல் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, வாசல் வழியாக வந்த சாம்பல் நிற மத்தியான வெளிச்சத்தில் முயலின் உடம்பு பின்னங்கால்கள் கொக்கியில் மாட்டியபடி தொங்கியது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, எங்கும் ஒரு கீறல்கூட இல்லாமல். ஒரு பாதத்தில் மட்டும் ரோமத்தை விட்டிருந்தாள். உரித்த பிறகு பூனையும் முயலும் பார்வைக்கு ஒன்றுதான். வாங்குகிறவரின் நம்பிக்கைக்காக ஒரு பாதத்தை அப்படியே விடுவது இந்தத் தொழிலில் வழக்கம்.

சத்தமும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. முயலை உரிப்பதில் கத்திக்கு வேலை கொஞ்சம்தான்: கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம், தொடையின் உள்பக்கமாக ஒரு கீற்று, அவ்வளவே. மற்றதைக் கட்டைவிரலும் கைமுட்டியும் பார்த்துக்கொள்ளும். தோலைப் பிடித்துக் கீழே இழுக்கும்போது சவ்வு விடுபடும் சத்தம் கேட்கும், நனைந்த துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். இன்று முயல் தானே சட்டையைக் கழற்றிக் கொடுத்ததுபோலத் தோல் கைக்கு வந்துவிட்டது.

"நல்ல கத்திதான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் இல்லாத கொட்டகையில் தன் குரல் கேட்டது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

நல்ல கத்தி அவளுக்கு அவசியப்பட்டதே கொழுந்தனால்தான். கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, அடக்கம் முடிந்த மறுநாளே அவன் வந்து அண்ணனுடைய கத்திகளைத் தோலுறையோடு சுருட்டி எடுத்துக்கொண்டான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இருக்கிறவன். "அண்ணன் வெச்சிருந்தது தம்பிக்குத்தானே வரணும். நீங்க இதை வெச்சு வெங்காயமா நறுக்கப் போறீங்க அண்ணி?" என்று சிரிக்கவும் சிரித்தான்.

வெங்காயத்தைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. வீடும் கொட்டகையும் ஊருக்கு வெளியே இருக்கும் விடுதியின் முதலாளியுடையவை. விடுதிச் சமையலுக்கு முயல் கொடுக்கிறவர் யாரோ அவர் அங்கே குடியிருக்கலாம் என்பது ஏற்பாடு. சனிக்கிழமை சமையல்காரர் வண்டியோடு வரும்போது கொக்கிகள் காலியாக இருந்தால் வீடு கொழுந்தனுக்கு. அப்புறம் அவன் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு பாயும், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போடும் சோறும்தான் அவளுக்கு. அந்தச் சோற்றைத் தின்பதற்கு மண்ணைத் தின்னலாம். கண்ணி வைக்கத் தெரியும், உரிக்கத் தெரியும், கத்திதான் இல்லை. கத்தி என்ன, கடையில் கிடைக்காத பொருளா?

இரும்புக் கடைக்காரர் முதலில் ஒரு மடக்குக் கத்தியை நீட்டினார். விலை கட்டுப்படிதான். ஆனால் மடங்கும் இடத்தில் கொழுப்பும் ரோமமும் புகுந்துகொண்டால் ஒரு வாரத்தில் நாறும் என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததற்கு அலகு நீளம். மாட்டுக்கு ஆகும், முயலின் வயிற்றில் பட்டால் குடலைக் குத்தி மொத்தக் கறியும் பாழ். பளபளவென்று வெள்ளிபோல மின்னிய ஒன்றைக் காட்டி "துருவே பிடிக்காதும்மா" என்றார். துருப் பிடிக்காதது சரி, மழுங்கினால் வீட்டுக் கல்லில் லேசில் கூராகாது. அதோடு அதன் விலையைக் கேட்டதும் மற்ற குறைகளைத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

பேரம் பேசிக்கொண்டே, மேசைக்கு அடியில் ஆணி டப்பாக்களுக்குப் பக்கத்தில் கிடந்ததை அவள்தான் பார்த்தாள். சுண்டுவிரல் நீளத்துக்கு மெல்லிய அலகு, கறுத்த இரும்பு, ஈரக்கைக்கு வழுக்காதபடி கயிறு சுற்றிய பிடி. அலகை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்தாள். வழுக்காமல் நகத்தைக் கவ்வி நின்றது. கூர் பார்க்க அவளுடைய வழி அதுதான். ஆண்கள் அப்படிப் பார்க்கமாட்டார்கள். புதுக் கத்தி கையில் கிடைத்தால் உடனே இடது முன்கையில் வைத்து முடியைச் சிரைப்பார்கள். இடது கையில் முடி இருந்தால் அவன் முயல் உரிப்பவனே இல்லை என்று ஊரில் கேலி உண்டு.

"அது வேண்டாம்மா. வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டாங்க."

"வெட்டலையா?"

"வெட்டாம என்ன. கடைசியா வந்தவரு வேகாத வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் மாட்டிக்கிட்டு வந்தாரு. கத்தியை வெச்சுட்டு, குடுத்த காசைக்கூடக் கேக்காமப் போயிட்டாரு."

"கிறுக்கு யாருக்குத்தான் இல்ல அண்ணே? விலையைச் சொல்லுங்க."

அவர் சொன்ன விலைக்கு ஒரு கரண்டிகூட வராது. அவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது முதல் தோலை, ரோமம் உள்ளே போகும்படி புரட்டி, தலையணைக்கு உறை மாட்டுவதுபோலக் கூம்பிய பலகையில் மாட்டினாள். பலகையைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டாள். கூரையின் ஓட்டை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விழுந்தது.

தோல் சிலிர்த்தது.

ஈ உட்கார்ந்தால் மாடு உடம்பை அசைக்காமல் தோலை மட்டும் ஒரு உதறு உதறுமே, அப்படி. அவள் கையில் அடுத்த முயலோடு நின்றபடி பார்த்தாள். இன்னொரு சொட்டு. இன்னொரு சிலிர்ப்பு. புதுக் கறி கொஞ்ச நேரம் துடிக்கும், அது எல்லோரும் பார்த்திருப்பதுதான். ஆனால் கறி இங்கே கொக்கியில் அசையாமல் தொங்குகிறது. துடிப்பது அங்கே சுவரில்.

காற்று என்று வைத்துக்கொண்டாள். ஓட்டைக்கு நேராக இல்லாத ஆணிக்குப் பலகையை மாற்றினாள். வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கண்ணிகளைப் பார்த்துவிட்டு, ஈரப் புல்லும் சேறும் அப்பிய காலோடு கொட்டகைக்குள் வந்தபோது, காய்ந்துகொண்டிருக்கும் தோலின் வாடையும் உப்பு வாடையும் நனைந்த மரத்தின் வாடையும் எப்போதும்போல மூக்கில் ஏறின. மழை ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சுவர் நெடுக வரிசையாகப் பலகைகள். எல்லாம் எப்போதும்போல. பலகை நுனிகளைத் தவிர. உயிருள்ள முயலுக்கு மூக்கு ஓயவே ஓயாது, தூங்கும்போதுகூட அசைந்துகொண்டே இருக்கும். பலகைகளின் கூம்பிய நுனியில், மூக்கு இருந்த இடத்தில், அந்தச் சின்னத் தோல் முடிச்சுகள் அசைந்தன. எல்லாம் ஒன்றாக. அவள் கொண்டுவந்த புல்லின் வாசனையை நோக்கி.

கால் தானாகப் பின்னால் போனது. கதவு நிலையில் முதுகு இடித்ததும் நின்றாள்.

ஓடினால் எங்கே ஓடுவது? கொழுந்தன் வீட்டு அடுப்படிக்கா?

அந்த நினைப்பே அவளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. கிட்டே போனாள். விரல் நுனியால் ஒரு தோலைத் தொட்டாள். விறைத்துக் காய்ந்திருக்க வேண்டியது வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையை வைத்தாள். அடியில் வெறும் பலகைதான், ஆனால் தோல் பயந்த முயலைப்போல நடுங்கியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்தக் கத்தி தோலுக்கு வலிக்காமல் எடுக்கிறது. ஒரு நரம்புக்கும் சொல்லாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுக்கிறது. தனக்குள்ளே இருந்த முயல் போய்விட்டது என்பது தோலுக்குத் தெரியவே தெரியாது.

பயந்தாள். கத்தியைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று கையில்கூட எடுத்தாள். ஆனால் சனிக்கிழமைக்கு இன்னும் கொக்கிகள் நிரம்பவில்லை, வேறு கத்திக்குக் காசும் இல்லை. பேயைக் கட்டிக்கொண்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆகவேண்டும்.

"சனிக்கிழமை வரைக்கும்" என்றாள் கத்தியிடம். "அதுவரைக்கும் நீ நான் சொன்னபடிதான் கேக்கணும்."

கணவனின் பழைய கனத்த கையுறைகளைத் தேடி மாட்டிக்கொண்டாள். அலகைத் தன் பக்கம் திருப்பாமல் உரித்தாள். ஒவ்வொரு முயலும் முடிந்ததும் கையுறையைக் கழற்றி, விரல் விரலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மணிக்கட்டைக் கிள்ளிப் பார்த்தாள், வலித்ததும் நிம்மதியானாள். வேலை முடிந்தால் கத்தி தகர டப்பாவுக்குள், டப்பாமேல் ஒரு கருங்கல். சுவரில் மூக்குகள் ஓயாமல் அசைந்தன. "சும்மா கிடங்க" என்று அதட்டினாள். அதட்டினால் கொஞ்ச நேரம் நின்றன. அது இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் சமையல்காரர் வந்தார். கொக்கிகளைப் பார்த்தார், ரோமம் விட்ட பாதங்களைப் பார்த்தார், ஒரு உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி உரிச்சுப் பார்த்ததே இல்லம்மா. ஒரு வெட்டு இல்ல, ஒரு கிழிசல் இல்ல. உங்க வீட்டுக்காரர்கூட இப்படி இல்ல, தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல. உண்மைதான்."

"வீட்டைப் பத்திக் கவலைய விடுங்க. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வண்டி போனதும் அவள் நனைந்த வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கத்தியைக் கிணற்றில் போட இன்றைக்கே நேரம் பார்த்துவிடலாம் என்று டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். அப்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மழையோடு கொழுந்தனும் வந்தான்.

செய்தி அவனுக்கு முன்பே எட்டியிருந்தது. தலையைத் துவட்டாமலேயே நேராகக் கொட்டகைக்குள் நுழைந்து காலிக் கொக்கிகளைப் பார்த்தான்.

"யாரு வந்து உரிச்சுக் குடுத்தாங்க?"

"என் கைக்கு என்ன குறைச்சல் தம்பி?"

"கதை விடாதீங்க அண்ணி. முதலாளிகிட்ட நானும் பேசியிருக்கேன். பொம்பளை தனியா இருந்து இந்தத் தொழிலைப் பார்த்தா நல்லாவா இருக்கும்னு அவரே யோசிக்கிறாரு. சாயங்காலம் வர்றேன். சாவியைக் குடுத்துட்டு மரியாதையா எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"சாவி என் இடுப்புல இருக்கு. உயிரோட இருக்கறவரைக்கும் அங்கதான் இருக்கும். போய்ச் சொல்லு."

அவன் கண் மேசைமேல் கிடந்த கத்திமேல் விழுந்தது. எடுத்துப் பிடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "இந்த ஓட்டைக் கத்தியிலயா?" என்றான். என்றபடியே, யோசிக்கக்கூட இல்லாமல், தொழில்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல இடது முன்கையை மடக்கி அலகை அதன்மேல் படுக்க வைத்தான்.

"தம்பி, வேண்டாம். தோல்மேல வைக்காதே."

"ஏன், கத்திக்கு வலிக்குமா?"

"சொன்னாக் கேளு. அது சரியில்ல."

அவன் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தான். முடி பொடியாக உதிர்ந்தது. அதோடு நகத்தளவுக்கு ஒரு செதிள் எழும்பி நின்றது. ரத்தம் இல்லை. செதிளின் ஓரம் படபடவென்று நடுங்கியது.

"அட, வலிக்கவே இல்ல" என்று சிரித்தான். "நல்லாத்தான் இருக்கு." கத்தியை மேசையில் எறிந்துவிட்டு அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டான். தேய்க்கத் தேய்க்க மேல்தோல் அவன் விரலோடு கொஞ்சம் வழுகியது. சட்டைக்குள் இன்னொரு பெரிய சட்டை போட்டவனைப்போலத் தோளை ஒருமுறை குலுக்கினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போ தம்பி" என்று வாசல்வரை ஓடிவந்து கத்தினாள். எத்தனை வெறுப்பு இருந்தாலும் கத்தினாள். "இப்பவே போ!"

அவன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினான். கை நின்ற பிறகும் விரல்களின் தோல் கொஞ்ச நேரம் ஆடியது.

சாயங்காலம் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்குள் வந்து முன்கதவுக்கும், கொட்டகைப் பக்கமாகத் திறக்கும் பின்கதவுக்கும் தாழ் போட்டாள். விளக்கைப் போட்டாள். சாதம் வைத்தாள், சாப்பிடவில்லை. கத்தி கையிலேயே இருந்தது; எப்போது எடுத்தோம் என்று ஞாபகம் இல்லை, கீழே வைக்கவும் மனசு வரவில்லை. மழை, கூரை, சாக்கடையில் ஓடும் தண்ணீர். அவற்றுக்கு நடுவே, மரச் சுவருக்கு அந்தப் பக்கம், பலகைகள் சுவரில் லேசாக உரசும் அந்த ஓயாத சத்தம்.

அது நின்றது.

எல்லாப் பலகைகளும். ஒரே நேரத்தில்.

முன்கதவில் யாரோ தட்டினார்கள்.

தட்டியது என்று சொல்ல முடியாது. ஈரத்துணியைக் கதவில் அடித்ததுபோல ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. அந்தத் தட்டலில் எலும்பு இல்லை.

"அண்ணி." குரல் அவனுடையதுதான். நெஞ்சிலிருந்து வராமல் உதட்டிலேயே உண்டானதுபோல, தட்டையாக. "அண்ணி, சாவி."

"போயிடு" என்றாள். பிறகு உரக்கச் சொன்னாள். "இது என் வீடு. போயிடு!"

"மழையில நிக்கறேன் அண்ணி. எனக்கு என்னமோ லேசா இருக்கு. திறங்க."

கதவுக்கு அடியில் ஒரு விரல்கடை இடைவெளி. அதன் வழியே விரல்கள் வந்தன. நகத்தோடு, ரேகையோடு, முட்டிச் சுருக்கத்தோடு. காகிதம்போலத் தட்டையாக. பின்னால் புறங்கை. மணிக்கட்டு. முடி சிரைத்த இடம். அது தரையில் வழுகி, கதவைப் பிடித்து மேலே ஏறியது. தாழ்ப்பாளைத் தேடியது.

அவள் அலறவில்லை. அலறினால் வீடு அவனுடையதாகிவிடும் என்று தோன்றியது. ஓடிப்போய் அதைப் பற்றித் தரையில் அடித்து, காலால் மிதித்தாள். பாதத்தின் அடியில் வெதுவெதுப்பு. கதவுக்கு அடியிலிருந்து மீதியும் சரசரவென்று வந்தது. தோள். கழுத்து. முகம், மடங்கிய சட்டைபோல. கண் இருந்த இடத்தில் தரை தெரிந்தது.

"ஏன் மிதிக்கறீங்க?" என்றது முகம். நிஜமாகவே புரியாமல் கேட்டது. "நான்தானே?"

"நீ இல்ல" என்றாள். பல் கிட்டியது. "நீ இல்லடா. போ."

பின்கதவில் தட்டினார்கள்.

இந்தத் தட்டல் கெட்டி. முதல் தட்டலில் இல்லாத எலும்பெல்லாம் இதில் இருந்தது. ஒரு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஈரமாக ஏதோ கதவில் ஒட்டிப் பிரியும் சத்தம். பேச்சு இல்லை. பேசுவதற்கு உதடு வேண்டும்.

அவள் நடுவில் நின்றாள். காலை எடுக்கவில்லை. கத்தியைப் பின்கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். இடுப்பில் சாவி இருக்கிறது. வீட்டுக்குள் அவள் இருக்கிறாள்.

பின்கதவின் தாழ் வளைந்தது. ஆணி ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. கதவு மெல்லத் திறந்தது. மழை வாடை. அதோடு கொக்கியில் தொங்கும் புதுக் கறியின் வாடை. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக, ஈரமாக, அவன் உயரத்துக்கு நின்றது. ஒரு பாதத்தில் மட்டும் தோல் இருந்தது.

அது கையை நீட்டியது. அவளை நோக்கி இல்லை. அவள் காலடியில் கிடந்ததை நோக்கி.

காலடியில் கிடந்தது அதன் வாடையை மோந்தது. மோந்ததும் அவள் பாதத்துக்கு அடியில் முழுவதுமாகச் சிலிர்த்து, சுருண்டு, அவள் கணுக்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"அண்ணி" என்றது, பயத்தில் கிசுகிசுத்து. "யாரு அண்ணி அது? உள்ள விடாதீங்க."